உடைந்த கால் சேரும்வரை உலை எரிவது எப்படி?

மூன்று மாதமாக இப்பகுதியில் நமது எழுத்து வராதது கண்டு அன்பர்கள் சிலர் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார்கள். "சங்கத்துக்காரர் துரையோடு சமாதானம் ஆகிவிட்டாரோ?" என்று ஒருவர் குத்தலாகவும் எழுதியிருந்தார். அப்படி ஒன்றுமில்லை, தோழரே! கால் உடைந்து கிடந்தோம். இன்றைக்கும் வலது காலை முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கூட்டம் முடித்து, மழை விட்டும் விடாமலும் இருந்த அந்தி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் திரும்பினோம். செம்பனை லாரிகள் போய்வந்து குழியாகிப் போன மண்பாதை. முன் சக்கரம் வழுக்கியது. வண்டி நம் கால் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. அன்றிரவே அரசாங்க ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவிச் சுத்தம் செய்தார்கள். பிறகு எலும்பின் நடுவே நீண்ட உலோகக் கம்பியை இறக்கி, மேலும் கீழும் திருகு போட்டு முடுக்கினார்கள்.

நம் கதை பெரிதல்ல. நாட்டுச் சாலைகளில் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் என்பது யாவரும் அறிந்த செய்தி. பத்திரிகையில் படம் வருகிறது, இரங்கல் வருகிறது. ஆனால் சாகாமல் கால் உடைந்து வீட்டுக்கு வருகிறானே, அவனைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவன் அடுத்த ஆறு மாதம் எப்படிப் பிழைத்தான், அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போனதா என்று கேட்பாரில்லை. அதைத்தான் இந்த வாரம் எழுத நினைக்கிறோம்.

லயத்திலிருந்து சாலைக்கு

நம் அப்பா காலத்துத் தொழிலாளிக்குச் சாலைப் பயணம் ஏது? விடியற்காலையில் மணி அடித்தால் லயத்திலிருந்து பெரட்டுக்கு நடை. அங்கிருந்து நிரைக்கு நடை. பால் எடுத்து ஸ்டோருக்கு நடை. கால் உடைந்தால் மேட்டிலோ ஓடைக்கரையிலோதான் உடையும்.

பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தைக் காலி செய்த குடும்பங்கள் ஈப்போ, பத்து காஜா, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பக்கத்துத் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. வேலை மட்டும் கூடவே வரவில்லை. ஒருவருக்குப் பழைய தோட்டத்தில், இன்னொருவருக்கு எங்கோ ஒரு தொழிற்சாலையில். ஆக, இருட்டோடு எழுந்து இருபது முப்பது கிலோமீட்டர் மோட்டார் ஓட்டம். தோட்டப் பாட்டாளியின் கால் ஒடிகிற இடம் மரத்தடியிலிருந்து தார்ச் சாலைக்கு மாறிவிட்டது. தோட்டம் துண்டாடப்பட்டதால் நாம் இழந்தவற்றை எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அப்பாவுக்கும் கால் ஒடிந்தது. 1980-களின் நடுப்பகுதி. நாம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் சிறு வகுப்புப் படித்துக்கொண்டிருந்தோம். பால் வாளியோடு சரிவில் விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. தோட்டத்து டிரசர் வந்து இரண்டு பலகையை வைத்துக் கட்டினார். தோட்ட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே ஓர் ஆணியைக் குறுக்கே செருகி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடைக்கல் தொங்கவிட்டார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் மனிதர் மல்லாந்த படுக்கைதான். அம்மா ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

இப்போது அந்தத் தொங்கவிடுகிற வைத்தியம் வெகுவாகக் குறைந்துவிட்டது. காரணம், நம் காலுக்குள் கிடக்கிற இந்தக் கம்பிதான். இதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. ஜெர்மனியில் குன்ட்ஷர் என்ற அறுவை மருத்துவர் 1939-இல் முதன்முதலாக எலும்பின் உள்குழலில் நீண்ட கம்பியைச் செருகி முறிவைச் சேர்த்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜெர்மானியச் சிறையிலிருந்து ஊர் திரும்பிய நேசநாட்டு வீரர்கள் சிலரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, தொடைக்குள் முழ நீளத்துக்கு இரும்பு கிடந்ததாம். மருத்துவர்கள் திகைத்துப் போனார்கள். அதுபோலவே சைபீரியாவின் குர்கான் ஊரில் இலிசாரோவ் என்ற மருத்துவர் 1950-களில் வளையங்களையும் சைக்கிள் சக்கரக் கம்பிகளையும் வைத்தே நொறுங்கிய கால்களைச் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். காலைச் சுற்றி வளையம் வளையமாகக் கூடு மாட்டிக்கொண்டு வார்டில் சிலர் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அவர் வழி வந்ததுதான்.

கம்பி வந்தது பெரும் நன்மை. மூன்று மாதம் படுத்த இடத்தில் ஒரு வாரம் பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் தோழர்களே, எலும்பு சேர்கிற நாள் குறையவில்லை! அப்பா கிடந்த மூன்று மாதமும் சோறு ஆஸ்பத்திரிச் சோறு, தூக்கி உட்கார வைப்பது தாதியர் வேலை. இன்று அதே மூன்று மாதம் நம் வீட்டுக் கூடத்தில் கழிகிறது. சோறும் வீட்டுச் சோறு, தூக்குகிறவளும் வீட்டுக்காரி. அவளும் வேலைக்குப் போகிறவளாக இருந்தால் அவள் கூலியும் போயிற்று. மருத்துவம் முன்னேறியதில் ஆஸ்பத்திரிக்குக் கட்டில் மிச்சம், நமக்குப் பாரம் மிச்சம்.

எட்டாவது வாரம்

வார்டில் நமக்கு இடப்பக்கம் படுத்திருந்தவர் குத்தகைக்காரரிடம் செம்பனை வெட்டுகிறவர். வயது முப்பத்தைந்து இருக்கும். முழங்காலை ஒட்டிய முறிவு. அவருக்குக் கம்பி இல்லை, எலும்பின் மேல் தகடு வைத்துத் திருகு போட்டிருந்தார்கள். ஒரு நாள் கேட்டார்:

"அண்ணே, ஒங்கள மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஊன்றச் சொல்றாங்க. என்னைய ஊனவே கூடாதுங்கறாங்க. நான் என்ன பாவம் பண்ணேன்?"

பாவம் ஒன்றுமில்லை. எலும்பின் நடுக்குழலில் கிடக்கிற கம்பி பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஆகவே பலருக்குச் சீக்கிரமே ஊன்ற அனுமதி கிடைக்கும். மூட்டை ஒட்டிய முறிவுக்குத் தகடு வைத்தால் பல வாரம் பொறுக்கச் சொல்வார்கள். பக்கத்துக் கட்டில்காரர் நடக்கிறாரே என்று நாமும் எழுந்து நடக்கக் கூடாது. நமக்கு இட்ட கட்டளை நமக்கு.

அவர் வீட்டுக்குப் போனார். எட்டாவது வாரம் ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டு உதிரிப்பழம் பொறுக்கப் போய்விட்டார். பதினோராம் வாரம் மறுபடியும் அதே வார்டு. தகடு ஒடிந்துவிட்டது.

இதைக் கேட்டவர்கள் "அவசரக்காரன்" என்றார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி. மோட்டார் சைக்கிள் தவணைக்காரன் வாசலில். குத்தகைக்காரர் டன் கணக்கில் கூலி கொடுப்பவர். டன் இல்லாவிட்டால் காசு இல்லை. சொக்சோவுக்குப் பணம் கட்டியிருக்கிறாரா என்று கேட்டால், "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்ற பதில். இந்த நிலையில் எந்த மனிதன் முக்காலியில் கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்?

உள்ளே வைக்கிற உலோகம் வெறும் முட்டுத்தான். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோமே, அதுபோல. சேர வேண்டியது எலும்பு. எலும்பு சேருமுன் நாள்தோறும் பாரம் ஏற்றினால், வேலிக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒடிகிற மாதிரி அதுவும் ஒரு நாள் ஒடியும். கணைக்கால் எலும்பு சேர வழக்கமாக நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் இன்னும் நீளும். சிகரெட் பிடிக்கிறவருக்கு மேலும் தள்ளிப்போகும். சில வேளை சேராமலே போகும். இனிப்புநீர்க்காரருக்குப் புண் ஆறுவதும் தாமதம், சீழ் வைக்கிற அபாயமும் அதிகம். நமக்கு இனிப்புநீர் இருப்பதே இந்தக் கால் உடைந்த பிறகுதான் தெரிந்தது. அது தனிக் கதை.

தமிழ் நாட்டில் 1959-இல் சீர்காழியில் 'இன்பக் கனவு' நாடகம் நடிக்கும்போது எம்.ஜி.ஆருக்குக் கால் முறிந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இனி அவரால் சண்டைக் காட்சியில் நடிக்க முடியாது என்று பேசினார்களாம். மீண்டும் வந்தார், எத்தனையோ படத்தில் குதித்தார். இன்றைய பிள்ளைகளுக்கு நடிகர் விக்ரமைத் தெரியும். கல்லூரி நாளில் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, இருபத்து மூன்று அறுவை சிகிச்சை, ஆண்டுக்கணக்கில் படுக்கையும் ஊன்றுகோலும். காலை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றுகூட அஞ்சினார்களாம். பிறகு 1999-இல் 'சேது' வந்தது. இவர்களுடைய மன உறுதியை நாம் போற்றுகிறோம். ஆனால் மன உறுதியோடு இன்னொன்றும் வேண்டும். காத்திருக்க வசதி வேண்டும். எட்டாவது வாரம் பழம் பொறுக்கப் போனவருக்கு உறுதி குறைவா? ஒற்றைக் காலோடு காட்டுக்குப் போகிற உறுதி யாருக்கு வரும்! அவருக்கு இல்லாமல் போனது நாள்.

அந்த நாளைத் தருகிற சட்டம்

அந்த நாளைத் தொழிலாளிக்கு வாங்கித் தருவதற்காகவே ஒரு சட்டம் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம். நாம் சொக்சோ என்கிறோம், மலாயில் பெர்கேசோ. 1971 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் 1952-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் கீழ், முதலாளியோடு வாதாடி ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். சொக்சோவில் வேலை விபத்துக்கான சந்தா, சம்பளத்தில் 1.25 விழுக்காடு, முழுக்க முழுக்க முதலாளி கட்டுவது. ஆகவே அந்த அலுவலகத்தில் நாம் போய் நிற்கும்போது கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நம் உழைப்பின் பேரில் கட்டப்பட்ட பணத்தைக் கேட்கப் போகிறோம்.

டாக்டர் வேலைக்குத் தகுதியில்லை என்று கொடுக்கும் எம்.சி., விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாளாக இருந்தால், தற்காலிக ஊனப்படி கிடைக்கும். நாள் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு. 2025 முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியை வைத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 வெள்ளி வரும். பெரிய பணம் இல்லைதான். ஆனால் அந்த 45 வெள்ளி மாதக்கணக்கில் தவறாமல் வந்திருந்தால் அந்தத் தகடு ஒடிந்திருக்காது. இந்த எளிய கணக்கைத்தான் குத்தகைக்காரர்கள் அழித்துவிடுகிறார்கள். ஒன்று, பெயரையே பதிவதில்லை. அல்லது 2,500 வெள்ளி சம்பாதிக்கிறவனுக்கு 1,700 என்று கணக்குக் காட்டிச் சந்தாவைக் குறைக்கிறார்கள். நல்ல நாளில் இது யார் கண்ணிலும் படாது. கால் உடைந்த அன்றுதான், படியும் அந்தக் குறைந்த கணக்கிலேயே வருகிறது என்பது தெரியும். சம்பளச் சீட்டை வாங்கியவுடன் மடித்துச் சட்டைப்பையில் போடாதீர்கள். சொக்சோ என்ற வரியில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். கட்டவில்லை என்றாலும் மனுக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். கட்ட வேண்டிய கடமை முதலாளியுடையது. கட்டாதது குற்றம்.

விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழி, வேலையிலிருந்து வீட்டுக்கு வருகிற வழி, சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடப் போகிற வழி ஆகியவற்றில் நடக்கும் விபத்துக்கும் சொக்சோ உண்டு. மோட்டாரில் போய்வருகிற நமக்கு இதுதான் முக்கியம். போலீஸ் புகார், போன பாதையின் வரைபடம், அன்று வேலை செய்ததற்கான வருகைப் பதிவு, எம்.சி. எல்லாம் கேட்பார்கள். வீட்டில் யாராவது ஒருவர் முதல் வாரமே இவற்றைத் திரட்டி ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பயணத்தை இடையில் முறித்தாலோ, வழியை விட்டு விலகினாலோ அந்த நேரத்து விபத்து இதில் சேராது என்கிறது சட்டம். வேலை முடிந்து நேரே வந்தால் சரி. கடைத்தெருவுக்குத் திரும்பி மீன் வாங்கப் போன இடத்தில் விழுந்தால் வம்பு. லயத்தில் இருந்தபோது ஆயக்கொட்டகை வாசற்படியில் இருந்தது, கடை நாலு எட்டில் இருந்தது. இன்று பிள்ளையை ஒரு தாமானில் பராமரிப்பவரிடம் விட்டு, இன்னொரு திசையில் வேலைக்குப் போகிற தாய்மார் எத்தனை பேர்! அந்தத் தாயின் வழி எது, விலகல் எது என்று கோடு போடுவது நியாயமாகுமா? தொழிலாளி வீடு தேடி அலைய நேர்ந்தது அவன் குற்றமில்லை. இந்த விதியைத் தளர்த்தும்படி சங்கங்கள் எல்லாம் சேர்ந்து கேட்க வேண்டும் என்பது நமது கருத்து.

எம்.சி.யில் இடைவெளி விழக்கூடாது. இருபது ஆண்டாக ஊராருக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்த நாமே இதில் சறுக்கினோம்! வார்டில் கொடுத்த எம்.சி. முடிந்த நாளுக்கும் கிளினிக் தேதிக்கும் நடுவே ஒன்பது நாள் ஓட்டை. "அடுத்தவங்களுக்கு மட்டும்தான் சொல்லத் தெரியும்" என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டோம். மறுபடியும் ஊன்றுகோலோடு போய் வரிசையில் நின்று அதைச் சரிசெய்ய அரைநாள் ஆயிற்று.

வேலை சம்பந்தமில்லாத விபத்தென்றால் சொக்சோவின் வேலை விபத்துப் படி கிடைக்காது. ஆனால் வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி விடுப்பு 60 நாள். சாதாரண நோய் விடுப்பு அதில் கழியாது, தனி. வார்டில் படுத்தால்தான் இந்த விடுப்பு என்று சில கிராணிமார் சொல்கிறார்களாம். படுக்க வேண்டிய நிலையில் இருக்கிறார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், படுக்காவிட்டாலும் படுத்ததாகவே கணக்கு. சொக்சோ படி வாங்கும் நாளுக்கு இந்தச் சம்பளம் சேர்த்து வராது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

வலப்பக்கக் கட்டிலில் வங்காளதேசத் தோழர் ஒருவர். பாஷை புரியாது, எல்லாம் சைகைதான். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அவருக்கு அது தெரியாது. நம் பக்கத்துக் காட்டில் வேலை செய்கிறவருக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அடுக்களையில் வழுக்கி விழுந்த அக்காவுக்கு என்ன வழி? 2022 டிசம்பர் முதல் குடும்பத் தலைவியருக்கான சொக்சோ திட்டம் இருக்கிறது. 55 வயது வரை சேரலாம். ஆண்டுக்கு 120 வெள்ளி. வீட்டு வேலையில் ஏற்படும் விபத்துக்குப் பாதுகாப்பு. நம் சமுதாயத்தில் இதைக் கேள்விப்படாத வீடுகளே அதிகம் என்று நினைக்கிறோம். ஈப்போ வீதிகளில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்து ஓடுகிற நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பன் தாத்தாவுக்காவது முதலாளி யார் என்று தெரிந்திருந்தது. இவர்களுக்குக் கைபேசிதான் கங்காணி. சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ சட்டம் 2017-இல் வந்தது. 2025-இல் கிக் தொழிலாளர் சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் ஏட்டில் இருந்து வண்டிக்காரப் பையன் வரை வந்து சேர்கிறதா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

எழுந்து நிற்பது

அவசரம் எவ்வளவு கெடுதலோ, அசையாமல் கிடப்பதும் அவ்வளவு கெடுதல். முதல் வாரத்திலேயே தொடைச் சதை கரைய ஆரம்பித்துவிடும். மூன்றாம் வாரம் நம் தொடையைப் பார்த்து நமக்கே பயமாகிவிட்டது, கோழிக்கால் போல. பிசியோ அம்மையார் சொன்னது எளிமையான பயிற்சிதான். தையல் மிஷினை மிதிப்பது போலப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, ஐந்து எண்ணும்வரை அழுத்துவது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, நாளில் பல வேளை. ஊன்றுகோலில் பாரம் உள்ளங்கையில் இருக்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கிக் கை மரத்துவிடும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது உடைந்த கால் முதலில். நான்காம் மாடியில், லிப்ட் இல்லாத அடுக்குமாடியில் இருக்கும் தோழருக்கு இந்த ஒரு விதி போதாது. கீழ்வீட்டுச் சொந்தக்காரரிடம் இரண்டு மாதம் தங்கிக்கொள்வதே மேல்.

குந்துகிற கக்கூஸ் பெரிய தொல்லை. நாம் பழைய நாற்காலி ஒன்றின் நடுப்பலகையை அறுத்துவிட்டுப் பயன்படுத்தினோம். வெட்கப்பட்டுப் பட்டினி கிடக்காதீர்கள்.

பத்தியம் என்று முட்டையையும் மீனையும் நிறுத்துகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சீழ் பிடிக்கும் என்று பயம். டாக்டரும் சத்துணவுக்காரரும் நேர்மாறாகச் சொல்கிறார்கள்: எலும்புக்கும் சதைக்கும் முட்டை, மீன், பருப்பு, கீரை எல்லாம் வேண்டும். இந்த நாட்டில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருமே ஆப்பரேஷன் ஆனவருக்கு விரால் மீன் சூப் வைத்துக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு மக்சிக் நமக்கும் கொண்டுவந்தார். குடித்தோம். எலும்புக்கு என்ன செய்ததோ தெரியாது, மனசுக்கு நன்றாக இருந்தது. உருவிவிடுகிறேன் என்று எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த பெரியவரை மட்டும் வணங்கித் திருப்பி அனுப்பிவிட்டோம். உள்ளே கம்பியும் தகடும் இருக்கிற காலை உருவக் கூடாது. கட்டு வைத்தியரிடம் போவதா வேண்டாமா என்பது வேறு விவாதம். ஆப்பரேஷன் ஆன காலை அவரிடம் நீட்டாதீர்கள்.

காய்ச்சல், காயத்தில் நாற்றம் அல்லது சீழ், மருந்துக்கும் அடங்காமல் ஏறுகிற வலி, விரல் மரத்து நிறம் மாறுவது, கெண்டைக்கால் இறுகி வீங்குவது, திடீர் மூச்சுத் திணறல். இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் தேதிக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். நடனமணி சுதா சந்திரனின் கதை பலருக்குத் தெரியும். 1981-இல் தமிழ் நாட்டில் பஸ் விபத்து. கணுக்காலில் இருந்த காயத்தைச் சரியாகக் கவனிக்காமல் மாவுக்கட்டைப் போட்டு மூடியதில் உள்ளே அழுகி, காலையே எடுக்க வேண்டியதாயிற்று. ஜெய்ப்பூர்க் காலைப் பொருத்திக்கொண்டு 1984-இல் மீண்டும் மேடையேறி ஆடினார். அந்த வீரம் பெரிது. ஆனால் அந்தப் பெண் அந்தக் காலை இழந்திருக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. எலும்பு சேர்ந்து, டாக்டர் "இனி வர வேண்டாம்" என்றதும் நம் ஆட்கள் கோப்பை மூடிவிடுகிறார்கள். முழங்கால் முழுதாக மடங்கவில்லையா, கால் குட்டையாகிவிட்டதா, பாதம் தூக்கவில்லையா? வேலை விபத்தில் வந்ததென்றால் சொக்சோவின் மருத்துவக் குழுவிடம் நிரந்தர ஊனத்துக்கு மனுச் செய்ய வேண்டும். எத்தனை விழுக்காடு ஊனம் என்று அவர்கள் மதிப்பிடுவார்கள். 20 விழுக்காடு வரை மொத்தத் தொகையாக வாங்கலாம். அதற்கு மேல் போனால் ஒரு பகுதி மொத்தமாக, மீதி மாதந்தோறும். மறுவாழ்வுப் பயிற்சியும் அவர்கள் பொறுப்புத்தான். 2007 முதல் 'வேலைக்குத் திரும்பும் திட்டம்' என்று ஒன்று நடக்கிறது. மலாக்காவில் 2014 முதல் துன் ரசாக் பெயரில் மறுவாழ்வு மையம் இயங்குகிறது. நம் ஈப்போ மேரு ராயாவிலும் சொக்சோ ஒரு பெரிய மையத்தைக் கட்டியிருக்கிறது. ரோபோ இயந்திரங்களை வைத்து நடைப் பயிற்சி கொடுக்கிற இடம். நம் தோட்டத்து ஆட்கள் அந்த வாசலை மிதிக்க வேண்டுமானால், முதலில் அவர்கள் பெயர் சொக்சோ புத்தகத்தில் இருக்க வேண்டும். எல்லாம் அந்த முதல் வரியில்தான் வந்து நிற்கிறது.

அப்பா மருத்துவக் குழுவிடம் போகவில்லை. போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கால் இரண்டு விரற்கடை குட்டை. கடைசிவரை வலது செருப்புக்குள் பழைய டயர்த் துண்டு ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு நடந்தார். அந்தச் செருப்பின் சத்தம் பெரட்டுக்குப் போகிற வழியில் தனியாகக் கேட்கும். படுக்கையில் இருந்தபடியே அப்பா போகிறார் என்று தெரிந்துகொள்வோம்.

நமக்கு இப்போது பதினான்காவது வாரம். குளியலறையில் உடம்பு நிறுக்கும் தராசு ஒன்றை வைத்திருக்கிறோம். நல்ல காலைத் தரையிலும் உடைந்த காலைத் தராசிலும் வைத்து, டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் முள் ஏறாமல் ஊன்றிப் பழக வேண்டும். முதலில் பத்துக் கிலோ. பிறகு இருபது. நேற்று நாற்பது வந்தது. சின்ன மகள் பக்கத்தில் நின்று பால் நிறுக்கிற கிராணி மாதிரி எழுதிக்கொள்கிறாள்.